கண்டாங்கி 2019-ல் பிறந்த சேலை அல்ல

"கண்டாங்கி 2019-ல் டிசைனர்கள் கொண்டுவந்த புது ஸ்டைல்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. அந்த ஆண்டு காரைக்குடி கண்டாங்கிக்குக் கிடைத்தது புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருள் இன்ன ஊருக்கு உரியது என்ற அரசு அங்கீகாரம். ஏற்கெனவே ஓர் ஊரில் வேரூன்றிய பொருளுக்குத்தான் அதைத் தருவார்கள். செட்டிநாட்டு ஆச்சிமார் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய கனத்த பருத்திச் சேலை இது. அழுத்தமான நிறத்தில் கட்டங்கள், அகலமான கரை, எத்தனை துவைத்தாலும் தாங்கும். நடுவில் 'கிழவி சேலை' என்று ஒதுக்கியவர்கள் நாம்தான். தறியை விடாமல் பிடித்திருந்தவர்கள் நெசவாளர்கள். அவர்கள் உழைப்பை வேறு யார் பேரிலோ எழுதுவது எனக்கு வலிக்கிறது. இன்னொன்று, கட்டம் போட்டதெல்லாம் கண்டாங்கி ஆகாது. வாங்கும்போது புரட்டிப் பாருங்கள்: சாயமேற்றிய நூலில் நெய்த கட்டம் இருபுறமும் ஒரே அழுத்தமாகத் தெரியும், அச்சடித்தது பெரும்பாலும் பின்பக்கம் வெளிறியிருக்கும்.