லிங்கனுக்கு இருபது நிமிஷம், அவுட்லெட் மாலுக்கு மூன்று மணி நேரம்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்க வரும் அப்பா அம்மாக்களைக் குறிவைத்து விற்கிறார்களே, கிழக்குக் கரை பஸ் டூர், அதைப் பற்றி யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்லித்தான் ஆக வேண்டும். நியூயார்க், பிலடெல்பியா, வாஷிங்டன், நயாகரா, பாஸ்டன், எல்லாம் ஒரே டூரில். இரண்டு பேருக்குக் கட்டினால் மூன்றாவது ஆள் இலவசம். நியூ ஜெர்சி வாட்ஸ்அப் குழுக்களில் மே மாதம் பிறந்தால் இந்த நோட்டீஸ் சுற்ற ஆரம்பித்துவிடும். பிள்ளைகளுக்கு லீவு கிடைக்காது, அத்தனை ஊருக்கும் காரோட்டிக்கொண்டு போக உடம்பும் ஒத்துழைக்காது. வயதானவர்களைத் தனியாகவும் அனுப்ப முடியாது. நம்முடைய இந்த இக்கட்டைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள். நானும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். வந்து இத்தனை நாளாகியும் ஆத்திரம் அடங்கவில்லை.

முதலில் அந்த இலவச ஆள் கதை. மூன்றாவது ஆளுக்கு பஸ் கட்டணம் இல்லை, உண்மைதான். ஆனால் டிப்ஸ் உண்டு. தலைக்கு, ஒரு நாளைக்கு, 12 டாலர். கொடுப்பதும் கொடுக்காததும் நம் விருப்பம் இல்லை, கைடு இருக்கை இருக்கையாக வந்து ரொக்கமாக வசூலித்துக்கொண்டு போகிறார். அப்புறம் நுழைவுக் கட்டணங்கள். எந்தெந்த இடம், எவ்வளவு என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அதையும் கைடிடம்தான் கட்ட வேண்டும், ஆன்லைனில் நாமே வாங்கி வைத்திருந்தால் செல்லாது என்று முதல் நாள் காலையிலேயே மைக்கில் அறிவித்துவிட்டார். முதியோர் சலுகை இருக்கிற இடத்தில்கூட அப்பாவுக்கு அது கிடைக்கவில்லை. எல்லாம் கூட்டிப் பார்த்தால் இலவசமாக வந்த ஆளுக்கு ஆன செலவில் வீட்டுக்கு ஒரு மாத மளிகை வாங்கியிருக்கலாம்.

பணம் போகட்டும். என்னால் பொறுக்கவே முடியாதது நேரம்.

அப்பா கும்பகோணம் பக்கம் அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அமெரிக்க உள்நாட்டுப் போரை வருஷா வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தியவர். விசா கிடைத்த அன்றே என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "லிங்கன் நினைவகத்துல கெட்டிஸ்பர்க் பேச்சைச் சுவத்துல செதுக்கியிருக்காங்களாமே, அதை நின்னு படிக்கணும்மா." 1922ல் திறந்த கட்டடம் அது. பத்தொன்பது அடி உயரத்தில் லிங்கன் உட்கார்ந்திருக்க, தெற்குச் சுவரில், உள்நாட்டுப் போர் நடக்கும்போது 1863ல் கெட்டிஸ்பர்க்கில் அவர் பேசிய அந்தச் சின்னப் பேச்சு முழுவதும் கல்லில் இருக்கிறது. நிதானமாகப் படித்தாலும் ஐந்து நிமிஷம் ஆகாது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது. இரவு பகல் எந்நேரமும் திறந்திருக்கும்.

அந்த இடத்துக்கு எங்களுக்குக் கொடுத்தது இருபது நிமிஷம். பஸ் இங்கே நிற்க முடியாது, ஒரு சுற்று சுற்றிவிட்டு வரும், அதற்குள் வராதவர்கள் டாக்ஸி பிடித்து ஹோட்டலுக்கு வந்துகொள்ளுங்கள் என்று மைக்கில் எச்சரிக்கை வேறு. இறங்கிய இடத்திலிருந்து முட்டிவலியோடு அம்மா நடந்து வருவதற்கே நேரம் போய்விட்டது. படிகள் மட்டும் ஐம்பதுக்கும் மேல். அம்மாவைக் கீழே ஒரு ஓரமாக உட்காரவைத்துவிட்டு அப்பாவை மேலே கூட்டிப்போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சுவரை அண்ணாந்து பார்த்து, வகுப்பில் படிப்பது போலவே வாய்விட்டு ஒவ்வொரு வரியாகப் படிக்க ஆரம்பித்தார். பாதி வந்திருப்பார். கைடு கீழேயிருந்து மஞ்சள் கொடியை ஆட்டுகிறார். என் போன் அடிக்கிறது. "எல்லாரும் வந்தாச்சு, நீங்க மூணு பேர்தான் பாக்கி." அப்பா கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, "சரி விடும்மா, புஸ்தகத்துல இருக்கறதுதானே" என்றார். கடல் கடந்து வந்த மனுஷர் ஐந்து நிமிஷம் நிற்க முடியாமல் அப்படிச் சொல்லிக்கொண்டு இறங்கியதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அதே டூரில், வேறொரு நாள், தள்ளுபடிக் கடைகள் நிறைந்த அவுட்லெட் மாலில் மூன்று மணி நேரம். யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு வாங்க எதுவும் இல்லை. ஃபுட் கோர்ட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். எங்களைப் போல இன்னும் நாலைந்து குடும்பங்கள். யாரும் தப்பித்துப் போக முடியாதபடி நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது அந்த மால்.

பிறகுதான் கணக்கு புரிந்தது. எந்த இடம் இலவசமோ அங்கே நிமிஷக் கணக்கு. எந்த இடத்துக்கு கைடு டிக்கெட் விற்கிறாரோ அங்கே மணிக்கணக்கு. அந்த மால் தவிர, இந்த விதி டூரில் பெரும்பாலும் பிசகவில்லை. நியூயார்க்கில் மெழுகுச் சிலை மியூசியம், டிக்கெட் உண்டு, தாராளமாகச் சுற்றலாம். வாஷிங்டனில் விண்வெளி மியூசியம், ரைட் சகோதரர்கள் 1903ல் பறக்கவிட்ட அதே விமானமும், சந்திரனுக்குப் போய்வந்த அப்போலோ 11ன் கலமும் இருக்கிற இடம், அனுமதிச் சீட்டுக்குக் காசே கிடையாது. செக்யூரிட்டி வரிசையையும் சேர்த்து நாற்பது நிமிஷம்! பிலடெல்பியாவில் அமெரிக்க சுதந்திரத்தின் சின்னமான மணி, லிபர்ட்டி பெல், அதை உள்ளே போய்ப் பார்க்க ஒரு காசு தர வேண்டாம். வரிசையில் நின்றால் போதும். வரிசைக்கு நேரமில்லை என்று எங்களை வெளியே நிறுத்தி, கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கச் சொல்லி, போட்டோ எடுத்தாச்சா, கிளம்புங்கள் என்றார்கள். 1776ல் சுதந்திரப் பிரகடனம் நிறைவேறிய மண்டபம் சாலைக்கு அந்தப் பக்கம். அதைக் கைடு கையால் காட்டினார். அவ்வளவுதான்.

நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலை பார்க்கப் படகு என்று தலைக்கு வாங்கினார்கள். அந்தப் படகு சிலை இருக்கும் தீவில் நிற்காது, அருகில் போய்த் திரும்பிவிடும். சிலையைத் தண்ணீரிலிருந்து பார்ப்பதுதான் என்றால் ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெர்ரி இருக்கிறதே, நகரத்து ஜனங்கள் வேலைக்குப் போகிற படகு, கட்டணமே இல்லாமல் அந்த வழியாகத்தான் போகிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

நயாகராவில் நடந்ததை இன்னும் மன்னிக்க முடியவில்லை. அந்த அருவிக்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் அருவியைச் சுற்றியிருந்த நிலமெல்லாம் தனியார் கையில் இருந்தது. வேலி போட்டு, காசு வாங்கிக்கொண்டுதான் அருவியைப் பார்க்க விட்டார்கள். இயற்கையைப் பார்க்க எதற்குக் காசு என்று மக்கள் கிளர்ந்து, பூங்கா வடிவமைப்பாளர் பிரெடெரிக் லா ஓம்ஸ்டெட் போன்றவர்கள் வருஷக்கணக்கில் போராடி, நியூயார்க் மாநில அரசு அந்த நிலத்தை வாங்கி 1885ல் பொதுப் பூங்காவாகத் திறந்துவிட்டது. அன்றிலிருந்து நடந்து போகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அந்தப் பூங்காவுக்குள் இருக்கும் கோட் ஐலண்ட் என்கிற தீவில் எங்களை நடக்கவைத்துவிட்டு, விசேஷச் சுற்றுலா என்று பேர் வைத்து, தலைக்கு 30 டாலர் வாங்கினார்கள். கட்டாதவர்கள் ஹோட்டல் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். வேலியை எடுத்து நூற்று நாற்பது வருஷம் ஆன பிறகு இவர்கள் வந்து மறுபடி வேலி போடுகிறார்கள்!

இன்னொன்றும் சொல்கிறேன். நயாகரா தண்ணீரில் பெரும்பகுதியை மின்சாரத்துக்குத் திருப்பிவிட முடியும். ஆனாலும் சுற்றுலாக் காலத்தில் பகல் நேரத்தில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்குக் குறையாமல் அருவியில் விழ வேண்டும் என்று அமெரிக்காவும் கனடாவும் 1950ல் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. மேட்டூருக்கு லட்சம் கன அடி வருகிறது என்றால் காவிரிக் கரை முழுக்க வெள்ள எச்சரிக்கை கொடுப்பார்கள். அப்பாவுக்கு அந்தக் கணக்கைச் சொன்னதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றுவிட்டார். வந்த ஜனங்கள் கண்குளிரப் பார்க்கட்டும் என்று இரண்டு தேசத்து அரசுகள் அவ்வளவு தண்ணீரை விட்டுக்கொடுக்கின்றன. எங்களுக்கோ, படகுச் சவாரி முடிந்ததும் நனைந்த துணியோடு பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருந்தது. ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டேன். டிரைவருக்கு நேரம் முடிந்துவிடும், சட்டம் என்றார் கைடு.

சட்டம் சரியான சட்டம்தான். பயணிகள் பஸ் ஓட்டுகிறவர் பத்து மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டக் கூடாது, வேலை தொடங்கிப் பதினைந்து மணி நேரம் ஆகிவிட்டால் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. அது நம் உயிரைக் காக்கிற விதி. எங்கள் டிரைவர் தங்கமான மனிதர், அம்மாவின் பெட்டியை ஒரு தடவைகூட என்னைத் தூக்கவிடவில்லை. அவரைக் குறை சொன்னால் பாவம். வாஷிங்டனிலிருந்து நயாகராவுக்கு 400 மைலுக்கு மேல். நயாகராவிலிருந்து பாஸ்டனுக்கு அதைவிட அதிகம். மேப்பை விரித்துப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கே தெரியும், அன்றைய பொழுது முழுக்க ரோட்டில்தான் போகும் என்று. தெரிந்தே திட்டம் போட்டுவிட்டு, நேரம் பற்றாமல் போனதும் சட்டத்தின் மேல் பழியைப் போடுவது என்ன நியாயம்?

ரோட்டில் போன நாள் எப்படிப் போனது தெரியுமா? விடியற்காலை ஐந்தரைக்கு லாபியில் நிற்க வேண்டும். நியூயார்க் ஹோட்டல் என்று எழுதியிருந்தது நியூ ஜெர்சி நெடுஞ்சாலை ஓரம், வாஷிங்டன் ஹோட்டல் மேரிலாந்தில். காலை உணவு திறப்பதற்கு முன்பே கிளம்பிவிடுவோம். பஸ்ஸுக்குள் கழிவறை இருக்கிறது, ஆனால் உபயோகிக்க வேண்டாம், நாற்றம் வரும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை. தண்ணீர் குடித்தால் இறங்க வேண்டியிருக்கும் என்று பயந்து அம்மா தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். பாட்டிலை நீட்டினால் "வேண்டாம்டி, அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளுகிறார், உதடெல்லாம் காய்ந்து கிடக்கிறது. எழுபதை நெருங்கும் ஒரு அம்மாவை இந்த நிலைக்குக் கொண்டுவந்ததற்கு எந்தக் கம்பெனியும் வெட்கப்பட வேண்டும். சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சைவம் என்றால் ரெஸ்ட் ஏரியாவில் உருளைக்கிழங்கு வறுவலும் ரொட்டியும்தான். வீட்டிலிருந்து கொண்டுபோன புளியோதரை முதல் நாளோடு சரி.

நடுவில் கார்னிங் கண்ணாடி மியூசியம். எத்தனை அருமையான இடம்! கலிபோர்னியாவின் பாலோமர் மலைத் தொலைநோக்கிக்காக 1934ல் வார்த்து, சரியாக வராமல்போன 200 அங்குல ராட்சதக் கண்ணாடி வட்டு அங்கேதான் நிற்கிறது. அப்பாவுக்கு அதைக் காட்ட ஓடினேன். ஓடித்தான் காட்ட முடிந்தது.

பாஸ்டனை ஒட்டிய ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹார்வர்ட் சிலையின் ஷூவைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்று சொல்லி எல்லோரையும் வரிசையில் நிறுத்தி போட்டோ எடுத்தார் கைடு. அந்தச் சிலையைச் செய்த டேனியல் செஸ்டர் பிரெஞ்சுதான் வாஷிங்டனில் நாங்கள் பாதியில் விட்டுவந்த லிங்கன் சிலையையும் வடித்தவர். இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு சிலைகளையும் ஒரே கூட்டத்துக்குக் காட்டுகிற வழிகாட்டி அந்த ஒரு வரியைச் சொல்ல வேண்டாமா? அப்பா மெதுவாகக் கேட்டார், "தமிழ் இருக்கைக்காக உலகம் பூரா பணம் சேர்த்தோமே, அது எந்தக் கட்டடத்துலம்மா?" ஊரில் அவரும் தன்னால் முடிந்ததை அனுப்பியவர். போய் விசாரித்துப் பார்க்க நேரமில்லை. கொடி ஆடிவிட்டது.

திரும்பி வந்ததும் கம்பெனிக்கு விவரமாக மெயில் எழுதினேன். எந்த இடத்தில் எத்தனை நிமிஷம் நின்றோம், எதற்கு எவ்வளவு வாங்கினார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதினேன். வந்த பதில்: பயணத் திட்டம் சூழ்நிலைக்கேற்ப மாறலாம் என்று நிபந்தனைகளில் இருக்கிறது, அடுத்த டூருக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறோம். நான் கேட்டது தள்ளுபடியா?

நான் கேட்பது இதுதான். நோட்டீஸில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் அங்கே காலால் நடக்கக் கிடைக்கும் நிமிஷத்தை அச்சிடுங்கள். கட்டாயக் கட்டணம், டிப்ஸ் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலையாகச் சொல்லுங்கள், கைடுக்கும் டிரைவருக்கும் உரியதை அதிலிருந்து நீங்களே கொடுங்கள். ஹோட்டல் எந்த மாநிலத்தில் எந்த ஊரில் என்று எழுதுங்கள். மால் வேண்டாம் என்கிறவர்களுக்கு அந்த மூன்று மணி நேரத்தை வேறெங்காவது கொடுங்கள். இதில் எதுவும் செய்ய முடியாத காரியம் இல்லை.

இலையுதிர் காலத்தில் அப்பா அம்மா ஊருக்குத் திரும்புவதற்குள் நியூவார்க்கில் ரயில் ஏற்றி வாஷிங்டன் கூட்டிப்போகிறேன். ஏறக்குறைய மூன்று மணி நேரம்தான். ரயிலிலேயே கழிவறை இருக்கிறது, அம்மா வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கலாம். அப்பா அந்தச் சுவரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிக்கட்டும், வேண்டுமென்றால் இரண்டு தடவை படிக்கட்டும். எங்கள் அபார்ட்மெண்டில் மட்டும் இந்தக் கோடைக்குப் பெற்றோர் வரப்போகிற வீடுகள் ஏழெட்டு இருக்கின்றன. நோட்டீஸ் வந்தவுடன் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டப் போகிறேன். நிமிஷக் கணக்கை அச்சிட்டுக் கொடுக்காத கம்பெனிக்கு இந்தக் கட்டடத்திலிருந்து ஒரு டிக்கெட்கூடப் போகாது.