பாட்டு கேக்கத்தான் காசு குடுத்தேன், உங்க தொண்டைய கேக்க இல்ல

யோவ், தியேட்டர் மொத்தமும் காலி. நல்லா கேட்டுக்கோங்க, மொத்தமும் காலி. முன்னாடி வரிசைங்க காலி, பின்னாடி சுவர் வரைக்கும் காலி, அங்கங்க ரெண்டு மூணு தலைதான் தெரியுது. நானும் அக்கா பொண்ணும் நடு வரிசைல நடு சீட்டா பாத்து உக்காந்து, பாப்கார்ன மடில வச்சுகிட்டு, என் பவர் கண்ணாடி மேல அந்த த்ரீடி கண்ணாடிய எப்படியோ மாட்டி நிமிர்றேன், ஒரு அம்மா, பின்னாடியே மூணு பொண்ணுங்க, கடைசியா பலியாடு கணக்கா ஒரு புருஷன், அஞ்சு பேரும் வரிசையா வர்றாங்க. எங்க உக்காருவாங்க சொல்லுங்க? எனக்கு ஒட்டி! ஒரு சீட்டு கூட விடாம, என் கை வைக்கிற கட்டைல அந்தம்மா முழங்கைய வச்சு. ஏன் தாயி? இவ்ளோ பெரிய ஹால்ல என்கிட்ட அப்படி என்னத்த கண்டீங்க?

படம் கிளீ த்ரீடி. அதான், டிவில வந்துச்சே அந்த கிளீ, ஓஹையோல ஒரு ஸ்கூல்ல பாட்டு கிளப்ல பாடுற பசங்க கதை, அந்த பசங்க ஊர் ஊரா போய் மேடைல பாடுனத படமா எடுத்து 2011 ஆகஸ்ட் 12ஆம் தேதி விட்டாங்க, ரெண்டே வாரம்தான் ஓட்டுவோம்னு சொல்லி. கச்சேரிய எடுத்தது வேற எங்கயும் இல்ல, நம்ம நியூ ஜெர்சிலயே, ஈஸ்ட் ரதர்ஃபோர்டுல இருந்துச்சே ஐசாட் சென்டர், அங்க, ஜூன் மாசம். அப்பவே அக்கா பொண்ணு "மாமா மாமா ப்ளீஸ் மாமா"ன்னு ஒரே நச்சு. டிக்கெட் விலைய பாத்துட்டு "படமா வருதாம்டா, அதுல இன்னும் கிட்டக்க தெரியும்"னு சமாளிச்சு வச்சிருந்தேன். படமும் வந்துச்சு, முதல் வாரக் கடைசில 60 லட்சம் டாலர் கூட தேறல, முதல் பத்து இடத்துலயே இல்ல. சரி, கூட்டம் இருக்காது, நிம்மதியா பாட்டு கேக்கலாம்னு வார நாளா பாத்து கூட்டிட்டு போனேன். கூட்டம் இல்லதான். கூட்டத்துக்கு பதிலா இந்த அஞ்சு பேரு.

முதல் பாட்டு ஆரம்பிக்குது. ஊருக்கே தெரிஞ்ச பாட்டு, அந்த ஷோவோட முதல் எபிசோட்ல வந்து அவங்கள தூக்கி விட்ட அதே பாட்டு. பியானோ ரெண்டு தட்டு தட்டல, பக்கத்துல அந்தம்மா எடுத்துட்டாங்க. மெதுவா முணுமுணுக்கிறதெல்லாம் கிடையாது, வாயத் திறந்து, அடி வயித்துலேர்ந்து. சுருதி ஒரு பக்கம் போகுது, தாளம் ஒரு பக்கம் போகுது, ஸ்க்ரீன்ல பாடுற பொண்ணு ஒரு வரி முடிச்சதுக்கப்புறம் இவங்க அந்த வரிய எடுக்குறாங்க, அதனால எனக்கு ஒவ்வொரு வரியும் ரெண்டு ரெண்டு தடவ. நடுநடுவுல புருஷனுக்கு அறிமுகப்படலம் வேற: இவ ரேச்சல், அவன் ஃபின், ரெண்டு பேரும் லவ்வு, அப்புறம் பிரிஞ்சாங்க, அப்புறம் மறுபடி. புருஷன் எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி, "கதை எப்ப ஆரம்பிக்கும்?" சார், அது ஆரம்பிக்காது சார், கச்சேரி சார் இது, ஒன்றரை மணி நேரம் கூட கிடையாது, அதுக்குள்ள கதைக்கு எங்க போறது.

சரி பக்கத்து சீட்டு சனியன விடுங்க, படம் எடுத்தவரு மட்டும் சும்மாவா? கெவின் டான்சரோன்னு டைரக்டர், டான்ஸ் மாஸ்டரா இருந்து வந்தவரு, மேடைய எப்படி காட்டணும்னு அவருக்கு தெரியாததா. ஆனா பாட்டு நல்லா சூடு பிடிக்கிற நேரமா பாத்து கேமரா ரசிகர்கள் பக்கம் போயிடும். ஒருத்தி அழுவுறா. ஒருத்தன் குதிக்கிறான். அரங்கத்துக்கு வெளிய நின்னு நாலு பேரு "எனக்கு கிளீன்னா உயிரு"ங்கறாங்க. அம்மா, உசிரா இருக்கப் போய்தானே டிக்கெட் வாங்கி நிக்கிறீங்க, அத எனக்கு ஏன் த்ரீடில சொல்றீங்க? மேடைக்கு பின்னாடி போனா அங்க நடிகருங்க கேரக்டராவே மாறி பேட்டி குடுத்துட்டு இருக்காங்க, அது கொஞ்ச நேரம் சிரிப்பாதான் இருந்துச்சு. அப்புறம் மூணு ரசிகர்களோட சொந்தக் கதைய துண்டு துண்டா வெட்டி பாட்டுக்கு நடுவுல சொருகி வச்சிருக்காங்க. டைரிய யாரோ எடுத்துப் படிச்சதால ஆம்பளைங்களதான் புடிக்கும்ங்கறது ஸ்கூல் பூரா தெரிஞ்சு போன பையன் ஒருத்தன், உயரம் ரொம்ப கம்மியா பொறந்து சியர்லீடரா ஆடுற பொண்ணு ஒண்ணு, ஆஸ்பெர்கர்னு ஒரு வகை ஆட்டிசம் இருக்குற பொண்ணு ஒண்ணு. நல்ல பசங்க, கேட்டா நெஞ்ச அடைக்குது, அதெல்லாம் குறை சொல்ல மாட்டேன். அந்த மூணு பேர வச்சு தனியா ஒரு படமே எடுத்திருக்கலாம், நானே போய் உக்காந்து அழுதுட்டு வந்திருப்பேன். ஆனா பாட்டுக்கு குறுக்க எதுக்கு?

இதுல என்ன கூத்துன்னா ஸ்க்ரீன்ல இருக்குற ரசிகருங்க "ஊஊஊ"ங்கறாங்க, அதுக்கு எசப்பாட்டு பாடுற மாதிரி என் பக்கத்துல இருக்குற மூணும் "ஊஊஊ"ங்குது. ஜூன் மாசம் கத்துனவங்களுக்கு ஆகஸ்ட் மாசம் பதில்! பாட்டு முடிஞ்சா எழுந்து நின்னு கைதட்டல் வேற. யாருக்குமா தட்டுறீங்க? புரொஜெக்டருக்கா? பாடுனவங்க அன்னிக்கே துட்ட வாங்கிட்டு வீட்டுக்கு போயிட்டாங்க.

ஆனா அந்த வார்ப்ளர்ஸ், அதான் கதைல வர்ற இன்னொரு ஸ்கூல் பாட்டு கோஷ்டி, அந்த பசங்க வந்தப்ப நடந்ததுக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல. நீலக் கோட்டு, சிவப்புக் கரை, ஸ்கூல் யூனிஃபார்ம்ல வந்து நிக்கிறாங்க, நடுவுல அந்த டேரன் கிறிஸ். டிவில அந்த பையன் வந்து ஒரு வருஷம் கூட ஆகல, ஆனா மூணு பாட்டு அவனுக்கு. அவன் இன்னும் வாயே திறக்கல, புருவத்த லேசா தூக்குறான், அவ்ளோதான், பக்கத்து மூணும் போட்ட சத்தத்துல என் மடில இருந்த பாப்கார்ன் பாதி தரைல. அந்த மூணு பாட்டுல என்ன சுருதில பாடுனான், என்ன வார்த்தை பாடுனான், ஒண்ணும் தெரியாது எனக்கு. வாய் அசைஞ்சுது. அத மட்டும் பாத்தேன்.

வீல்சேர் பையன் ஆர்ட்டி தெரியும்ல? டிவில அந்த கேரக்டருக்கு நடக்க வராது, ஒரு எபிசோட்ல கனவுல எழுந்து ஆடுவான். மேடைலயும் அதே பாட்டுக்கு எழுந்து ஆடுறான், ஆடுவான்தானே, நடிக்கிற கெவின் மெக்ஹேலுக்கு காலு நல்லாதான் இருக்கு. புருஷன் அதுவரைக்கும் தூங்கிட்டு இருந்தாரு. சரியா அந்த நேரத்துல முழிச்சு, ஸ்க்ரீன பாத்து, பதறிப்போய், "ஐயோ, அவன் நடக்குறான்!"னு ஒரு கூவல். அம்மா விளக்குறாங்க, இது கனவுன்னு. யாரு கனவுன்னு அவரு கேக்குறாரு. அவன் கனவுன்னு இவங்க சொல்றாங்க. அப்ப இவ்ளோ நேரம் பாத்தது யாரு கனவுங்கறாரு. பாட்டு முடிஞ்சிடுச்சு. இவங்க ஆராய்ச்சி முடியல.

இதெல்லாம் கூட பொறுத்துகிட்டேன் சார். சத்தியமா. ஏன்னா நான் ஒரே ஒரு பாட்டுக்காகத்தான் அங்க உக்காந்திருந்தேன். கர்ட் பாடுற பாட்டு. பீட்டில்ஸோட பாட்டுதான், கைய புடிச்சுக்கணும்னு துள்ளலா வருமே அது, ஆனா இவன் அத அப்படியே மெதுவாக்கி பாடுவான். ஷோல அவன் அப்பா மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரில நினைவில்லாம கிடப்பாரு, சின்ன வயசுல அம்மா செத்தப்ப அப்பா இவன் கைய புடிச்சத நினைச்சு பாடுவான். காதல் பாட்டு அப்பா பாட்டா மாறிடும். எங்க அக்கா, எதுக்கும் அசையாத பொம்பள, அந்த எபிசோட் முடிஞ்சதும் எழுந்து போய் ஊருக்கு அப்பாவுக்கு போன் போட்டா, அங்க விடிகாலைல தூங்கிட்டு இருந்த மனுஷன எழுப்பி "சாப்டியாப்பா"ன்னு கேட்டா.

அந்தப் பாட்டு வருது. மேடைல கர்ட்டா நடிக்கிற கிறிஸ் கோல்ஃபர் மட்டும். வெளிச்சம் அடங்குது. ஸ்க்ரீன்ல கத்திட்டு இருந்தவங்களே அடங்கிட்டாங்க. நானும் மூச்ச புடிச்சுகிட்டு சாயுறேன்.

கர்ர்ர்ர்ர். மிட்டாய் பாக்கெட். அவசரமே படாம, சத்தம் வரக்கூடாதுன்னு மெதுவா பிரிக்கிறாங்களாம், மெதுவா பிரிச்சா சத்தம் கம்மி ஆகாது தாயி, நீளும். முதல் வரி அதுல போச்சு. அப்புறம் ரகசியக் குரல்ல, அதாவது வாசல் வரைக்கும் கேக்குற ரகசியக் குரல்ல, "இவன் அப்பாதானே செத்துப் போனாரு?" பெரிய பொண்ணு, "சாகல மா." "அப்ப ஏன் இவ்ளோ சோகமா பாடுறான்?" "சாகப் போறாருன்னு நினைச்சு மா." "ஆனா சாகல?" "சாகல." "அப்பாடா." அந்த அப்பாடாக்கு ஒரு பெருமூச்சு, அதுல ரெண்டாவது வரி போச்சு. புருஷன் குறுக்க வந்தாரு, இது பீட்டில்ஸ் பாட்டாச்சே, இவ்ளோ ஸ்லோவா ஏன் ஓடுது, மெஷின் கோளாறான்னு. நடுப் பொண்ணு போன எடுத்தா. ஸ்க்ரீன ஃபோட்டோ எடுக்குறா. த்ரீடி படத்த கண்ணாடி இல்லாம எடுத்தா எல்லாம் ரெண்டு ரெண்டாதான் விழும், பாத்தா, "கலங்கலா இருக்கு"ன்னா, மறுபடி எடுத்தா, இப்ப ஃபிளாஷோட. அப்பவும் கலங்கல். அந்த போன் கேமரா முன்னாடி த்ரீடி கண்ணாடிய புடிச்சு எடுத்துப் பாரேன்னு அம்மா ஐடியா குடுக்குறாங்க, அதையும் செய்யுறாங்க, நான் பாத்துட்டே இருக்கேன், ஸ்க்ரீன இல்ல, இவங்கள.

அப்பதான் கடைக்குட்டிக்கு பாத்ரூம் வந்துச்சு.

அந்தப் பக்கம் வரிசை முழுக்க காலி. போயிருக்கலாம், ஒரு ஈ காக்கா கிடையாது. ஆனா இல்ல, என் பக்கமாதான் வர்றாங்க. குட்டி முதல்ல, என் கால மிதிச்சுட்டு சாரி. அப்புறம் அம்மா, கைப்பை என் மூக்குல இடிக்க, த்ரீடி கண்ணாடி எகிற, சாரி. பெரிய பொண்ணும் கூட போகுது, ஏன்னு தெரியல, அதுவும் சாரி. நான் முட்டிய மடக்குறேன், பாப்கார்ன தூக்குறேன், மிச்சம் இருந்ததும் கொட்டுது, குனிஞ்சு கண்ணாடிய தேடுறேன், இருட்டுல எவனோ முன்னாடி எப்பவோ கொட்டுன கோக் மேல கை வழுக்குது, கண்ணாடி கிடைக்குது, மாட்டுறேன், கண்ணாடில கோக், துடைக்கிறேன், மறுபடி மாட்டி நிமிர்றேன். கிறிஸ் கோல்ஃபர் கையத் தாழ்த்திட்டு நிக்கிறாரு. முடிஞ்சிடுச்சு. ஐசாட் சென்டரே எழுந்து கைதட்டுது, பக்கத்துல மிச்சம் இருந்த நடுப் பொண்ணும் எழுந்து கைதட்டுது, போன்ல அடுத்த நிமிஷமே ஃபேஸ்புக்ல போடுறா, "அழுதுட்டேன்". எப்படீ அழுத? நீ எங்கடீ பாத்த?

வெளிய வந்து அக்கா பொண்ணுகிட்ட புலம்புனா அவ என்ன சொல்றா, "கச்சேரின்னா கத்தத்தான் மாமா செய்வாங்க." இது சினிமா தியேட்டர்டா. "ஆனா படம் கச்சேரியாச்சே." சரி அப்ப கச்சேரின்னே வச்சுப்போம், கச்சேரிக்கு ஒரு முறை இல்லையா? நம்ம சபாவுலயும்தான் தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சதும் பாதி பேரு எழுந்து கேன்டீனுக்கு போறான், அது அநியாயம்தான், மிருதங்கக்காரர் மனசு என்ன பாடுபடும், ஆனா போறவன் போறான், அவன் யாரும் பக்கத்து சீட்டுல உக்காந்து கூட சேர்ந்து மிருதங்கம் வாசிக்கல! கிளீ ரசிகருங்கன்னா கிளீக்ஸ்னு தனக்குத்தானே பேரு வச்சுகிட்டா எதையும் செய்யலாமா? அதுக்கும் அவ பதில் வச்சிருந்தா, "மாமா, நீங்கதான் உச் உச்னு சத்தம் போட்டுட்டே இருந்தீங்க, அதான் எனக்கு பாட்டு கேக்கல." இதுக்கு மேல நான் என்னத்த பேச.

லாபில அந்த புருஷன் யாருகிட்டயோ சொல்லிட்டு இருக்காரு, "எல்லாம் சும்மா வாயசைப்பு, இத எவன் கேக்குறான்." பாதி படம் தூங்கினவரு விமர்சனம்! அந்த 2011 பிப்ரவரிலதான் அமெரிக்காவோட ஹிட் பாட்டு பட்டியலான பில்போர்ட் ஹாட் 100ல ஏறின பாட்டு கணக்குல எல்விஸ் பிரெஸ்லியவே இந்த பசங்க தாண்டினாங்க, அத அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லிடலாம்னு ரெண்டு அடி வச்சேன், அக்கா பொண்ணு சட்டைய புடிச்சு இழுத்துட்டா.

சரி போலாம்னு வாசலுக்கு வந்தா ஒரு பையன் பெரிய டப்பாவோட நிக்கிறான், த்ரீடி கண்ணாடிய இதுல போடுங்க, ரீசைக்கிள் பண்றோம்ங்கறான். ஏம்ப்பா, டிக்கெட்டுக்கு மேல த்ரீடின்னு தனியா காசு புடுங்குனீங்கல்ல, அப்ப கண்ணாடி என்னுதுதானே? அதையும் வாங்கி வச்சுகிட்டு நாளைக்கு இன்னொருத்தன்கிட்ட மறுபடி காசு வாங்குவீங்க, அவனுக்கு குடுக்கப் போறது கோக் ஒட்டுன என் கண்ணாடிய. ஊருல பஸ் கண்டக்டர் சில்லறைய அப்புறம் தரேன்னு டிக்கெட் பின்னாடி எழுதித் தருவாரே, அவரு எவ்வளவோ பெரிய மனுஷன், இறங்கறதுக்குள்ள கேட்டாவது வாங்கிடலாம். நான் குடுக்கலய்யா. சட்டைப் பைல போட்டு எடுத்துட்டு வந்துட்டேன், டிவி மேலதான் இருக்கு, வீட்டு டிவில த்ரீடி கிடையாது, இருந்தாலும் குடுக்க மாட்டேன்.