அனுமதி இல்லை என்றால் அடிக்கலாமா?

"அனுமதி இல்லாம கூடினாங்க, அடி வாங்கினாங்க. இதுல என்ன தப்பு?" ஒவ்வொரு தடியடிக்குப் பிறகும் கமெண்டில் இந்த வரி வந்துவிடுகிறது. அனுமதி இல்லாததற்கும் லத்தி விழுவதற்கும் நடுவே சட்டம் சில படிகளை வைத்திருக்கிறது. நம் ஊரில் காணாமல் போவது அந்தப் படிகள்தான்.

சென்னையில் ஆர்ப்பாட்டத்துக்கு 1888ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டம், பிரிவு 41. ஐந்து நாள் முன்பே மனு கொடுக்க வேண்டும். கமிஷனரின் தடை உத்தரவு அரசின் ஒப்புதல் இல்லாமல் 15 நாளைத் தாண்டி நிற்காது. அதனால் 15 நாளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். மாவட்டங்களில் இதற்கு 1861ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் பிரிவு 30(2). இரண்டுமே வெள்ளைக்காரன் விட்டுப்போனவை. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை அரசியல் சாசனத்தின் 19(1)(b)இல் இருக்கிறது. எந்த இடம், எத்தனை மணி, எந்தப் பாதை என்று போலீஸ் முறைப்படுத்தலாம். அதற்காக, கேட்கிற எல்லா மனுவுக்கும் 'சட்டம் ஒழுங்கு பாதிக்கும்' என்று ஒரே வரியில் மறுப்பது முறைப்படுத்துவது ஆகாது.

சரி, மீறிக் கூடிவிட்டார்கள். அது குற்றமே என்று வைத்துக்கொண்டாலும் அதற்கு வழி வழக்குதான். அந்த வழக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. உத்தரவை மீறியதாக இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவில் (இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 223) போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, உத்தரவிட்ட அதிகாரி கோர்ட்டில் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதன் பிறகும் போடுகிறார்கள்.

கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரம் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 129, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) 148. முதலில் கலைந்து போகச் சொல்ல வேண்டும். கடைசி வரிசையில் நிற்பவருக்கும் கேட்கிற மாதிரி, மைக்கில், அவர் மொழியில். போக வழியும் விட வேண்டும். நான்கு பக்கமும் பேரிகார்டு போட்டுவிட்டு 'கலைந்து போ' என்றால் எங்கே போவது? அதற்கும் கலையாவிட்டால்தான் பலம், அதுவும் கலைக்கத் தேவையான அளவு மட்டும். லத்தி இடுப்புக்குக் கீழே. கண்ணீர்ப்புகைக் குண்டை ஆளைக் குறிபார்த்துச் சுடக்கூடாது, அந்த உலோகக் குப்பியே மண்டையைப் பிளந்துவிடும். கூட்டம் ஓட ஆரம்பித்த நொடியில் கலைக்கும் வேலை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு விழுகிற ஒவ்வோர் அடியும் தண்டனை. தண்டனை கொடுக்கும் அதிகாரம் எந்த எஸ்.ஐ.க்கும் கிடையாது.

தூத்துக்குடியை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். 2018 மே 22, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் 100ஆவது நாள். 144 தடை இருந்தது, கூட்டம் கலெக்டர் அலுவலகம் வரை போனது, கல்வீச்சும் தீவைப்பும் நடந்தன. இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை. கல் எறிந்தவனுக்கு 19(1)(b) பாதுகாப்பு தராது, அவனைப் பிடித்து வழக்குப் போடலாம். ஆனால் போலீஸ் நடவடிக்கையில் செத்தவர்கள் 13 பேர். பிரேதப் பரிசோதனை அறிக்கைகளைப் பார்த்து ராய்ட்டர்ஸ் எழுதியது: 12 பேருக்குத் தலையிலோ மார்பிலோ குண்டு, அவர்களில் பாதிப் பேருக்குப் பின்னாலிருந்து. முட்டிக்குக் கீழே சுடுவது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. வேன் மேல் ஏறி மஞ்சள் டி-ஷர்ட்டில் குறிபார்த்தவரின் படம் நினைவிருக்கும். சீருடை இல்லை, பெயர்ப்பட்டை இல்லை. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், ஓடிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டிருக்கிறார்கள் என்று சொல்லி 17 போலீஸார் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. அறிக்கை 2022இலேயே சட்டமன்றத்துக்கு வந்துவிட்டது.

பேச்சுக்கும் எல்லை உண்டு, அது 19(2)இல் எழுதியிருக்கிறது. வன்முறைக்குத் தூண்டுவது அதில் வரும். அமைச்சருக்குக் கோபம் வருவது வராது. கவிதைக்காக ஒரு எம்.பி. மீது குஜராத் போலீஸ் போட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் ரத்து செய்தது. எதைக் கேட்டாலும் பதறுகிறவனின் காதால் ஒரு பேச்சை அளக்கக்கூடாது, திடமான மனம் உள்ளவரின் காதால் அளக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள இத்தகைய புகார்களில், பி.என்.எஸ்.எஸ். 173(3)இன்படி டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்திவிட்டு எஃப்.ஐ.ஆர். பற்றி முடிவெடுப்பதே பொருத்தம் என்றும் சொன்னது. நம் ஸ்டேஷன்களில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்?

அடிபட்டவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது ஆஸ்பத்திரியில்தான். பயத்தில் 'கீழே விழுந்துட்டேன்' என்று சொல்லிவிடுகிறார்கள். ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் அதுவே ஏறிவிடும். பிறகு கோர்ட்டில் எதுவும் நிற்காது. 'போலீஸ் லத்தியால் அடித்தார்கள்' என்றே சொல்லி, அப்படியே எழுதச் சொல்லி, நகல் கேளுங்கள். மண்டபத்தில் அடைத்து மாலையில் விட்டாலும் அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரிமாண்டுக்குக் கொண்டுபோனால் மாஜிஸ்திரேட் கேட்காவிட்டாலும் சட்டையைத் தூக்கிக் காட்டுங்கள். கூட்டத்தைக் கலைக்கும்போது செய்ததற்காகப் போலீஸ் மீது வழக்கு நடத்த அரசின் அனுமதி வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். பிரிவு 151. அந்த அனுமதியைக் கேட்டுப் போகும்போது உங்கள் கையில் இருக்கப்போவது அந்த ஏ.ஆர். நகல் மட்டும்தான்.