கண்டிப்பா வரேன்னு சொல்றவங்க வரமாட்டாங்க

விசேஷத்துக்குக் கூப்பிடும்போது "கண்டிப்பா வரேங்க"ன்னு ஒருத்தர் சொன்னாலே ஒரு சாப்பாட்டைக் குறைச்சுக்கலாம். நெஜமா வர்றவர் "எத்தனை மணிக்கு, பஸ் வசதி இருக்கா"ன்னு கேப்பார். அவருக்கு கண்டிப்பாங்கற வார்த்தையே தேவைப்படாது.

யோசிச்சுப் பாத்தா உறுதியைக் காட்ட நாம தினமும் பேசுற வார்த்தைல பலதும் வேற அர்த்தத்துலேர்ந்து இரவல் வாங்கினதுதான். கண்டிப்பு, கட்டாயம், சத்தியம். ஒண்ணு அதட்டல், இன்னொண்ணு வேற வழி இல்லைங்கறது, மூணாவது சாமி மேல வைக்கற ஆணை. சொல்றது ஆட்டம் காணும்போதுதான் வெளியிலேர்ந்து முட்டுக் கொடுக்கணும். "சத்தியமா நான் எடுக்கல"ன்னு ஒருத்தன் சொல்றான்னா அவனை ஏற்கெனவே யாரோ சந்தேகப்பட்டாச்சுன்னு அர்த்தம்.

என்னைக் கேட்டா தமிழ்ல அசல் உறுதி தனிச்சொல்லுல இல்ல, வினையோட வாலுலயும் ஒட்டுலயும் இருக்கு. "அவர்கிட்ட மாட்டுன, செத்த" அப்படிங்கறோமே, இன்னும் மாட்டவும் இல்ல சாகவும் இல்ல, ஆனா ரெண்டுமே இறந்தகாலம். "செத்துருவ"ன்னா அது எச்சரிக்கை, "செத்த"ன்னா தீர்ப்பு. இதை 13ஆம் நூற்றாண்டுலயே பவணந்தி நன்னூல்ல விதியா எழுதிட்டார், விரைவு, மிகுதி, தெளிவு, இயல்புன்னு நாலு காரணத்தால காலம் மாறி வரலாம்னு, அதுல தெளிவுக்கு உரைக்காரங்க காட்டுற உதாரணம் என்னன்னா, எறும்பு முட்டையைத் தூக்கிட்டு மேட்டுல ஏறினா மழை பெய்தது. பெய்யும் இல்லீங்க, பெய்தது! (கிளம்பாமலே ஃபோன்ல "இதோ வந்துட்டேன்"ங்கறவங்க விரைவுங்கற கணக்குல தப்பிச்சுக்குறாங்க, அது வேற விஷயம்.)

அதே மாதிரி "வரமாட்டான்", "வரவே மாட்டான்" ரெண்டையும் சொல்லிப் பாருங்க. அந்த ஒத்தை ஏகாரம் கதவைச் சாத்திடுது. தொல்காப்பியம் ஏகாரத்துக்கு அஞ்சு பொருள் சொல்லும்போது முதல்ல வைக்கறதே தேற்றம், அதாவது உறுதி.

எனக்குப் பெரிய குறை நம்பிக்கைங்கற சொல்லு மேலதான். கடவுள் நம்பிக்கை, தன்னம்பிக்கை, ஆள் மேல நம்பிக்கை, நாளைக்குச் சரியாகும்ங்கற நம்பிக்கை, எல்லாத்தையும் ஒரே சொல்லு தலைல கட்டிட்டோம். இது எங்க கழுத்தறுக்கும்னா ஆஸ்பத்திரில. டாக்டர் "நம்பிக்கையா இருங்க"ன்னு சொல்றார், வீட்டுக்காரங்க "டாக்டரே நம்பிக்கையா சொல்லிட்டார்"னு எல்லாருக்கும் ஃபோன் போடுறாங்க. அவர் அப்படிச் சொல்லவே இல்லியே! நிச்சயமாத் தெரிஞ்சா "ஒண்ணும் பயமில்ல, ரெண்டு நாள்ல போலாம்"னு சொல்லியிருப்பாரு. நம்பிக்கையா இருக்கச் சொன்னதே முடிவு அவர் கையில இல்லங்கறதாலதான்.

பழைய ஆளுங்க இதுல கறாரா இருந்தாங்க. தெளி, தேறுன்னு ரெண்டு சொல்லு, ரெண்டுமே ஒருத்தரை நம்புறதுக்கு, அதையும் ஆராய்ஞ்சு பாத்துத்தான் செய்யணும்னாங்க. "தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்"னு குறள் 510, ஆராயாம ஒருத்தரை நம்புறதும், நம்பினப்புறம் சந்தேகப்படுறதும் தீராத தொல்லைன்னு. அந்த அதிகாரத்துக்குப் பேரே தெரிந்து தெளிதல். இன்னைக்கு தேறுங்கறது பரீட்சைல தேறுனான், உடம்பு தேறுச்சு, இது தேறாத கேஸுன்னு வேற வேலைக்குப் போயிடுச்சு. தெளிவுன்னா விளக்கமா சொல்றதுன்னு ஆயிடுச்சு. ஆராய்ஞ்சு நம்புறதுக்குன்னு இப்ப பேச்சுல தனியா ஒரு சொல்லு இல்ல, எனக்கு அது நஷ்டமாத்தான் படுது.

இதுல பத்திரிகைக்காரங்க தனி ரகம். "விரைவில் அறிவிப்பு வெளியாகும் என்று தெரிகிறது"ன்னு எழுதுவாங்க. தெரியும்ங்கற சொல்லை வச்சே தெரியாததை எழுதுற வித்தை அது. நாம பேசும்போது "வருதாம்"னு ஒரு ஆம் போட்டு, கேள்விப்பட்டதுதான் எனக்குப் பொறுப்பில்லன்னு நேர்மையா ஒதுங்கிக்கறோம். அவங்களும் "அறிவிப்பு வருதாம்"னே எழுதிட்டுப் போகலாம்.