ஜெபத்தோடு முடிந்துவிடுவதில்லை

மேடையில் சொல்லித்தரும் ஜெபத்தை ஒருமுறை திருப்பிச் சொன்னால் இரட்சிப்பு, அதாவது பாவத்திலிருந்து மீட்பு, உறுதி என்று நான் வாசித்த ஒரு கட்டுரை சொல்கிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டும் ரோமர் 10:9 வாயின் அறிக்கையை மட்டும் கேட்கவில்லை. தேவன் இயேசுவை மரித்தோரிலிருந்து எழுப்பினார் என்று இருதயத்தில் விசுவாசிக்கவும் கேட்கிறது.

'கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவை விசுவாசி, அப்பொழுது நீயும் உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவீர்கள்' என்ற அப்போஸ்தலர் 16:31-ஐ எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். 32-ம் வசனத்தையும் படியுங்கள். சிறையில் அடைக்கப்பட்டிருந்த ஊழியர்களான பவுலும் சீலாவும் பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரனுக்கும் அவன் வீட்டாருக்கும் வசனத்தைப் போதித்த பிறகுதான் ஞானஸ்நானம். அவர்கள் கால்களைத் தொழுமரத்தில் மாட்டியவன், அதே இராத்திரியில் அவர்களுடைய காயங்களைக் கழுவுகிறான், வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு வைக்கிறான். கிரியையால், அதாவது தன் செயல்களால், அவன் இரட்சிக்கப்படவில்லை, எபேசியர் 2:8, 9 அதைத் தெளிவாகவே மறுக்கிறது. ஆனால் 10-ம் வசனம், நற்கிரியைகளுக்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறதே!

போதனை இல்லாமல், ஜெபத்தைச் சொல்ல விரும்புகிறவர்களைக் கூட்டத்தில் கைதூக்க வைப்பதுதான் சிக்கல். அப்படிக் கைதூக்கியவர்கள் பாவத்தில் விழுந்ததும், 'அன்று சொன்ன ஜெபம் சரியில்லையோ' என்று பயந்து ஒவ்வொரு கூட்டத்திலும் மறுபடி முன்னால் போகிறார்கள். விசுவாசிக்கு அங்கே தேவை 1 யோவான் 1:9-ன் பாவ அறிக்கை. புதிதாய் வருகிறவர்களுக்கு முதலில் மாற்கு சுவிசேஷம் முழுவதையும், பிறகு 1 யோவானையும் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.