எடை போட்டு ரோட்டை உடைக்கிறார்களா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு காணொளி சுற்றுகிறது. வேனுக்குப் பின்னால் இழுத்து வந்த கருவி ஒன்று ‘டொம் டொம்’ என்று தார்ச் சாலையில் எடையைப் போடுகிறது. “நல்ல ரோட்டை உடைத்துவிட்டு மறுபடி குத்தகை எடுக்கப் பார்க்கிறார்கள்” என்கிறது கூடவே வரும் குரல்.

தவறு. அது சாலையின் வலுவை, அடிமண் வரை சோதிக்கும் கருவி. 30 சென்டிமீட்டர் அகல வட்டத் தட்டின் மேல் எடை விழும். இறங்கும் விசை வழக்கமாக 40 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 4 டன். செம்பனைக் குலை ஏற்றிய லோரியின் பின் அச்சில் ஒரு பக்கச் சக்கரங்களே கிட்டத்தட்ட அவ்வளவு பாரத்தை இறக்கும், அதுவும் நாள் முழுக்க! அதைப் படம் பிடிக்கத்தான் ஆளில்லை.

எடை விழும்போது சாலை எவ்வளவு அமுங்கியது என்பதை, வரிசையாக வைத்த உணரிகள் மைக்ரோன் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் பதியும். தட்டை ஒட்டி மட்டும் அதிகம் அமுங்கினால் தாரிலோ கல் அடுக்கிலோ கோளாறு. ஒரு மீட்டருக்கு அப்பாலும் அதிகம் அமுங்கினால் அடிமண் பலவீனம். வெயிலில் தார் இளகும் என்பதால் சாலையின் வெப்பத்தையும் குறித்துக்கொள்வார்கள்.

சரி, காணொளியில் சாலையில் தெரியும், முதலைத்தோல் போன்ற அந்த வெடிப்புகள்? முதல் அடி விழுவதற்கு முன்பே அங்கே இருக்கின்றன. காணொளியின் தொடக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், சக்கரத் தடத்திலேயே தெரியும்.