கைதட்டினால் குடிமுழுகிவிடுமா?

சனிக்கிழமை மேற்கத்திய இசைக் கச்சேரியில், சிம்பொனியின் ஒரு பகுதி முடிந்ததுமே ஒரு பெண் கைதட்டியதற்கு இன்னும் பஞ்சாயத்து முடியவில்லை போலிருக்கிறது. எல்லாப் பகுதிகளும் முடிந்த பிறகுதான் தட்ட வேண்டுமாம். ‘முறை தெரியாதவர்கள் வீட்டில் உட்கார்ந்து யூடியூபில் கேட்கட்டும்’ என்று ஒருவர் எழுத, அதற்கு அத்தனை லைக். சரி, அரங்கில் இருந்தவள் என்ற முறையில் நானும் சொல்லிவிடுகிறேன்: நடுவில் கைதட்டினால் குடிமுழுகிவிடாது.

என்ன வாசித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்களேன். ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனி; ஆர்கெஸ்ட்ராவுக்கென்று எழுதிய, நான்கு பகுதிகள் கொண்ட இசை. அதன் மூன்றாம் பகுதி அணிவகுப்பு நடையில் ஏறிக்கொண்டே போய், டிரம்பெட்டும் டிம்பனி என்கிற பெரிய முரசும் முழங்க, கச்சேரியே முடிந்தது என்று சத்தியம் செய்கிற மாதிரி நிற்கும். பழகிய ரசிகர்களே அங்கே தட்டிவிடுவது உண்டு. அதற்கப்புறம் அழுதுகொண்டே அடங்கிப்போகிற நான்காம் பகுதி ஒன்று இருப்பது புதிதாக வருகிறவருக்கு எப்படித் தெரியும்?

‘அதுதான் மரபு’ என்கிறீர்கள். எந்த மரபு? 1778இல் பாரிஸில் தன் சிம்பொனியின் முதல் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் கைதட்டியதை மொஸார்ட் சந்தோஷமாக அப்பாவுக்கு எழுதினார். சிம்பொனி முடிந்த கையோடு ஐஸ்கிரீம் சாப்பிடப் போனாராம். 1813இல் வியன்னா கூட்டம் பீத்தோவனின் ஏழாவது சிம்பொனியில் இரண்டாம் பகுதியை மறுபடி வாசிக்க வைத்தது. இந்த மௌன விரதமெல்லாம் பின்னால் வந்தது.

‘வாசிப்பவர்களின் கவனம் சிதறும்.’ நியாயம்தான். மூன்றாம் பகுதி முடிந்த சூட்டோடு நான்காவதை எடுக்க நினைக்கும் கண்டக்டர்கள், அதாவது ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிறவர்கள், உண்டு. ஆனால் அன்று நம் கண்டக்டர் திரும்பிப் புன்னகைத்தார். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு ஒத்திகைக்கு ஓடுகிறவர்கள் இந்த ஆர்கெஸ்ட்ராக்காரர்கள். ஒரு கைதட்டல் கூடுதலாகக் கிடைத்தது, அவ்வளவுதான். எனக்கு முன்னால் இருந்த பெரியவர் திரும்பி ‘உஷ்ஷ்’ என்றாரே, அதுதான் அரங்கம் முழுக்கக் கேட்டது.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்றால், சில வருடங்களுக்கு முன் அப்பாவை இதே ஆர்கெஸ்ட்ராவுக்கு அழைத்துப் போயிருந்தேன். நல்ல சட்டையாகத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார். முதல் பகுதி முடிந்ததும் ‘பலே!’ என்று தட்டினார். பக்கத்து சீட் அம்மாள் ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்! கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று தட்டியபோதும் அப்பா மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. அடுத்த முறை கூப்பிட்டதற்கு, ‘நீ போய்ட்டு வாம்மா, எனக்கு அதெல்லாம் தெரியாது’ என்றார். ரேடியோவில் எந்தப் பாட்டு வந்தாலும் தொடையில் தாளம் போடுகிற மனுஷன்.

‘அப்போ செல்போன் அடித்தாலும் பரவாயில்லையா?’ என்று ஒரு புத்திசாலி கேட்டிருக்கிறார். ஐயா, இரண்டும் ஒன்றா? போங்கள்.

இருமலை மட்டும் ஏன் யாரும் கேட்பதில்லை? ஒவ்வொரு பகுதி முடிந்ததும் காத்திருந்தவர்களைப் போல அரங்கமே இருமித் தீர்க்கிறது. அது நாகரிகம். சந்தோஷப்பட்டால் மட்டும் ஒழுங்கீனம்.

பாதி நாற்காலி காலி, இளைஞர்கள் வருவதில்லை என்று புலம்புவதும் இதே ஆட்கள்தான். வந்த ஒரு பெண்ணையும் விரட்டியாயிற்று. ‘உஷ்ஷ்’ பெரியவரோ, நான்காம் பகுதி முழுக்கத் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தார். அதைப் பற்றி ஒரு பதிவையும் காணோம்.